காலி நாள்

தராசு என் அம்மாவை முப்பது நாள் நிற்க வைத்தார். நான் அவரை ஒரே ஒரு மத்தியானம் நிற்க வைத்தேன். இதனால் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் தயவுசெய்து வேறு ஏதாவது படிக்கப் போகலாம்.

தராசு என்பது ஆள்தான். கறிக்கோழி வம்சங்களை உருவாக்கி விற்கும் எங்கள் நிறுவனத்தில் தேர்வுப் பிரிவின் தலைவர். நேரில் டாக்டர் சார், முதுகுக்குப் பின்னால் தராசு. எதைப் பார்த்தாலும் அவருக்கு கிராமில்தான் யோசிக்க வரும். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஒருவர் இனிப்பு நீட்டினால், "எத்தனை கிலோ?" என்பார். இனிப்பையும் கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

முப்பது வருடமாக அவர் செய்த வேலை இதுதான். ஒவ்வொரு தலைமுறையிலும், எது அதிகம் தின்று சீக்கிரம் பெருத்ததோ அந்தச் சேவலையும் அந்தப் பெட்டையையும் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பது. மற்றதைக் கறிக்கு அனுப்புவது. அவர் ஆரம்பித்தபோது முப்பத்தைந்தாம் நாளில் ஆயிரத்து முந்நூறு கிராம் இருந்த கோழி, இப்போது அதே நாளில் இரண்டரைக் கிலோ. முப்பத்தைந்தாம் நாளே வெட்டிவிடுவதால் அதன் இதயத்துக்கு நின்றுபோக நேரம் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கு முட்டையிடும் தாய்க்கோழி ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தாக வேண்டும். வயிறு நிறையத் தின்றால் அதன் கால் தாங்காது, மார்பு அடைத்துக்கொள்ளும். அதனால் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுப்போம். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தீனி இல்லாத நாளுக்கு அலுவலகத் தாளில் 'ஓய்வு நாள்' என்று பெயர். கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு அது காலி நாள்.

பசியைப் பெருக்கிப் பெருக்கி ஒரு உயிரைச் செய்துவிட்டு, அதற்குச் சாப்பாடு போட்டால் செத்துவிடும் என்று தொட்டியைக் கவிழ்த்து வைப்பது. நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கி நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். என் அம்மா பள்ளிக்கூடமே போகாமல் இதைத் தெரிந்து வைத்திருந்தாள். காலி நாளில் ஏழாம் கொட்டகைக்குள் போனால் கோழிகள் அவள் கால்விரல் நகத்தைக் கொத்தும், புடவை ஓரத்தைத் தின்னப் பார்க்கும், கீழே கிடக்கும் சொந்த இறகையே எடுத்து விழுங்கும். பத்து வருடம் பார்த்தாள். ஒரு காலி நாளில் பொறுக்க முடியாமல் அரை மூட்டைத் தீவனத்தை எடுத்துப் போட்டாள்.

அதையாவது பரவலாகப் போட்டிருக்கலாம். பயத்தில், யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, வாசலை ஒட்டிய ஒரே தொட்டியில் கொட்டிவிட்டாள். நாலாயிரம் கோழியும் அந்த ஒரு மூலைக்குப் பாய்ந்தன. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சு முட்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு செத்தன.

தராசு அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ. தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அவளை மட்டும் முன்னால் கூப்பிடுவார்.

"வள்ளலம்மா, இப்படி வாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. எத்தனை?"

"முந்நூத்திப் பன்னெண்டு சார்."

"எதனால?"

"என் இரக்கத்தால சார்."

முப்பது நாள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அம்மா மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் வாசலுக்குப் போனேன், கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். வரிசையில் சிலர் சிரித்தார்கள். கண்ணாடியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குச் செத்த கோழி பொறுக்கும் வேலை. தள்ளுவண்டியோடு கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பொறுக்கி, எண்ணி, குழியில் போட வேண்டும். வள்ளலம்மா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் சிலர் பாசமாகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தொழிலாளர் பிள்ளைகளுக்கு நிறுவனம் கொடுத்த உதவித்தொகையில்தான் படித்தேன். நேர்காணல் செய்ததும் அவரே. மதிப்பெண் தாளைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், "இது தேறும்" என்றார். படித்து முடித்து அவருடைய தேர்வுப் பிரிவுக்கே வேலைக்கு வந்தபோது, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் என்னைக் காட்டி, "கொட்டகை வேலைக்காரம்மா பொண்ணு. நானே பொறுக்கி எடுத்தேன்" என்பார். நான் பல்லைக் காட்டுவேன். மூன்று வருடம் காட்டினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா நின்ற மாதிரி அவர் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும்.

கொட்டகைகளுக்குத் தீவனச் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. தீவன வண்டி தினமும் வரும், ஆனால் ஒரு கொட்டகைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். சீட்டு இருக்கும் கொட்டகைக்குத்தான் மூட்டை இறங்கும். விருந்தாளிகள் வந்தால் எப்போதும் தீனி நாளின் மத்தியானத்தில்தான் கொட்டகைக்குள் கூட்டிப் போவார்கள். அந்த நேரத்தில் கோழிகள் கிடைத்ததைத் தின்றுவிட்டு அசந்து உட்கார்ந்திருக்கும். முப்பது வருடத்தில் வெளியாள் ஒருவர்கூடக் காலி நாளைப் பார்த்ததில்லை.

நாற்பது ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் தராசின் புது வம்சத்தை மொத்தமாக வாங்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. வியாழக்கிழமை, தீனி நாள், ஏழாம் கொட்டகை. அந்த நாளைக் காலி நாளாக மாற்ற எனக்கு இரண்டு வழி இருந்தது. முன்னால் தொடர்ந்து இரண்டு நாள் தீனி கொடுத்து முறையைத் திருப்பலாம். எடை ஏறும், சிலது சாகும், காலையில் எடை பார்க்கும்போதே தராசுக்குத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் புதன் காலி, வியாழனும் காலி.

புதன்கிழமை சாயங்காலம் சீட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏழாம் கொட்டகைக்குச் சீட்டு எழுதவில்லை.

காலையில் அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, எனக்குச் சீட்டு வரலையே?"

"மேலிடத்து உத்தரவுக்கா."

"ரெண்டாவது நாளா? மேலிடம் காலையில சாப்பிட்டுச்சா இல்லையா, அதை முதல்ல கேட்டுச் சொல்லு."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் முதலாளி, தராசு, வாங்க வந்த மேடம், அவரோடு வந்த படமெடுக்கும் ஆள், கணக்குச் சொல்ல நான் என்று ஐந்து பேர் போனோம். கதவைத் திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. தகரத் தொட்டியை நாலாயிரம் அலகுகள் கொத்தினால் ஆலங்கட்டி மழை மாதிரி இருக்கும். தராசின் நடை ஒரு எட்டு தடுமாறியது. நான் பார்த்தேன்.

உள்ளே கால் வைத்ததும் பாய்ந்தன. படமெடுக்கும் ஆளின் ஷூ மேல் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து விழுங்கின. ஷூ நாடாவை இரண்டு கோழிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மேடம் குனிந்தபோது ஒன்று அவர் சட்டைப் பொத்தானைக் குறிபார்த்துக் கொத்தியது. முதுகில் இறகே இல்லாத ஒரு கோழியை நாலைந்து துரத்திக்கொண்டிருந்தன.

"ஏன் சார் இப்படி பண்ணுதுங்க?" என்றார் மேடம்.

"ஆளுங்களைப் பார்த்த சந்தோஷம் மேடம். பழகின கோழிங்க," என்றார் தராசு.

"பசி மேடம்," என்றேன் நான்.

"நீ வெளியில இரும்மா," என்றார் தராசு.

"இல்ல, இருக்கட்டும்," என்றார் மேடம். "பசின்னா தீனி போட வேண்டியதுதானே?"

"கேக்குற அளவு போட்டா செத்துடும் மேடம். இதயம் தாங்காது," என்றேன்.

"போடாட்டி?"

"இப்படி இருக்கும். வருஷம் பூரா."

"இது என்ன மாதிரிக் கோழி? யாரு இப்படி ஆக்கினது?"

நான் மரியாதையாகக் கையை மட்டும் தராசு பக்கம் நீட்டினேன். வாசலில் அக்காவும் பக்கத்துக் கொட்டகை ஆட்களும் கூடிவிட்டார்கள். மேடம் அவரைப் பார்த்தார், முதலாளி அவரைப் பார்த்தார், கேமரா அவரைப் பார்த்தது. "இங்க எத்தனை இருக்கு சார் இது மாதிரி?" என்று மேடம் கேட்டதற்கு, கிராமுக்குக் கீழே மில்லிகிராம் வரை சொல்லும் மனிதருக்கு வாயில் ஒரு எண் வரவில்லை. கால்சட்டையின் மடிப்பை ஒரு கோழி இழுத்துக்கொண்டிருக்க, அவர் அசையாமல் நின்றார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதை எழுதும்போதும் இனிக்கிறது.

அப்போதுதான் அம்மா தள்ளுவண்டியோடு உள்ளே வந்தாள். வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு ஏழாம் கொட்டகை அவள் முறை. அதை நான் யோசிக்கவே இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாகப் போனாள். தொட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கி வண்டியில் அடுக்கினாள்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து காலி நாளு. இன்னிக்கும் தொட்டியில பொடிகூட இல்ல. சீட்டு நீதானே எழுதுற?"

"ஆமா."

"எனக்காகவா?"

"ஆமாம்மா. உன்னை முப்பது நாள் நிக்க வச்சான்ல, இன்னிக்கு அவன் நின்னான். நீயே பார்த்தியே."

"நான் கேட்டேனாடி உன்கிட்ட?"

"நீ எதைத்தான் வாயத் திறந்து கேட்டிருக்க?"

"அவன் என்னை நிக்க வச்சான். சரி. அதுங்க உன்னை என்னடி பண்ணுச்சு?"

"ஒரு நாள்மா. ஒரே ஒரு நாள் கூட. அவன் முப்பது வருஷமா..."

"அவன் பாவம் அவனுக்கு. உன்னுது ஏழு கோழி. நான்தான் பொறுக்கினேன், எனக்குத் தெரியும்."

அந்த ஏழும் என் கணக்கில்தான். மறுபடி செய்வாயா என்றால் செய்வேன். இரண்டும் உண்மை.

அடுத்த வாரம் தராசு சீட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தேர்வுப் பிரிவு அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஏழாம் நம்பருக்குச் சீட்டு இல்ல."

"ஆமா சார். நான் எழுதல."

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், நீ தெருவுல நிப்ப."

"சொல்லுங்க சார். ஒரே ஒரு நாள் தீனி தப்பினா உங்க வம்சம் ஆளையே கொத்தித் தின்னப் பாக்கும்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எழுதித் தர்றீங்களா, நான் டைப் பண்ணட்டுமா?"

"நான் பொறுக்கின பொண்ணு நீ" என்றார், ஏதோ நான் வாக்குத் தவறிவிட்ட மாதிரி.

"மார்க்கைப் பார்த்துப் பொறுக்கினீங்க சார். குணம் உங்க பட்டியல்லயே இல்ல."

முதலாளியிடம் அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வாங்க வந்த நிறுவனம், பசி குறைந்த, மெதுவாக வளரும் கோழி இருந்தால் பேசலாம் என்று கடிதம் எழுதியிருந்தது. முதலாளிக்கு வியாபாரம் முக்கியம். தராசுக்கு ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க்கடிகாரம், ஆலோசகர் என்று ஒரு வெறும் பெயர். தேர்வு அட்டவணை என் கைக்கு வந்தது.

இப்போது நான் சேவலை மேசையில் வைத்ததும் எடை பார்ப்பதில்லை. முதலில் காலின் உறுதியைப் பார்க்கிறேன். பிறகு கூண்டில் நிறையத் தீவனம் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எது பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி நடக்கிறதோ அதற்குக் கால்வளையம் போடுகிறேன். ஆயிரத்தில் பத்து தேறும். அந்தப் பத்தை வைத்து அடுத்த தலைமுறை. கொட்டகைகளில் இன்னும் காலி நாள் இருக்கிறது. ஒரு உத்தரவில் நிறுத்தினால் இருக்கிற கோழிகள் செத்துவிடும். ஆறேழு தலைமுறை போக வேண்டும். "தீனி தினமும் போகுதா?" என்று அம்மா கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். வேறு எதுவும் அவள் என்னிடம் இந்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இதைக் கருணை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கோழிகளுக்கு நல்லது நடந்தால் நடக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி படுக்கும்போது நான் நினைப்பது கோழியை அல்ல. போன தலைமுறையில் முப்பத்தைந்தாம் நாள் எடை அறுபது கிராம் குறைந்தது. ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம். வருடத்துக்கு ஒரு தலைமுறை, இந்த வேகத்தில் போனால் இருபது வருடத்தில் ஆயிரத்து முந்நூறுக்கு, அவர் தொடங்கிய இடத்துக்கே, கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு வருட அறிக்கையையும் ஆலோசகர் என்ற முறையில் அவர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எடைப் பட்டியலை மட்டும் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, காலையில் நடக்கப் போகிறார், விசாரித்துவிட்டேன். எழுபத்தெட்டு வரைக்கும் அவர் திடமாக இருக்க வேண்டும், கண் தெளிவாகத் தெரிய வேண்டும். அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள்கூட அவர் ஆயுளுக்காக என் அளவுக்கு வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.