இருநூற்றுப் பதினான்காம் பத்திரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோட்டிலிருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேனாவால் இழுத்த கோடு, நீளம் ஒரு சாண்கூட இருக்காது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காபி போட்டு ஆறவிடுகிறேன், கார் சாவியைத் தேடுகிறேன், அது கையிலேயே இருக்கிறது.

மிச்சிகன் ஏரிக்கரையில் எங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கத்தில் பழைய காகிதங்களுக்கு அட்டவணை போடுவது என் வேலை. போன மாதம் ஆல்வா ப்ரெண்டிஸ் என்பவரின் குடும்பக் காகிதங்கள் ஒன்பது பெட்டிகளில் வந்தன. 1830களில் நிலம் வாங்கி விற்றவர். அது மரியாதைக்குச் சொல்வது. ஆற்றுமுகத்தில் ஒரு சதுப்பை வளைத்துப் போட்டு, போர்ட் கொரிந்த் என்று பெயர் சூட்டி, வரைபடத்தில் துறைமுகம், வங்கி, இரண்டு தேவாலயம், ஒரு நாடக அரங்கு எல்லாம் வரைந்து மனை மனையாக விற்றார். நாடக அரங்கு இருக்கவேண்டிய இடத்தில் இன்றைக்கும் கோரைதான். (நாங்கள் அங்கே வாத்து சுடப் போவோம்.)

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“1837 மே மாதம், வெர்மான்ட்டிலிருந்து சைலஸ் டட்டன் என்ற விவசாயி...” [நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

“ஆல்வா ப்ரெண்டிஸ் ஒரு பச்சை அயோக்கியன்.” [எழுதும்போது நன்றாக இருந்தது. ஆனால் ஆறாம் பெட்டியில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தன் ஊர் எழும்பிவிடும் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பியிருக்கிறார். படித்தபிறகு திட்ட மனம் வரவில்லை.]

“ஏப்ரலில் தியோடோஷியா மீன் பிடித்தாள்.” [இதுதான்!]

தியோடோஷியா ஆல்வாவின் மனைவி. பனி உருகும் ஏப்ரலில் கணவனோடு போர்ட் கொரிந்த் பார்க்கப் போய்வந்து தங்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்: “நாடக அரங்கு வாசலில் இரண்டு கெளுத்தி பிடித்தேன். வங்கிக்குள் இன்னும் பெரிதாக ஒன்று இருந்தது, நழுவிவிட்டது.” நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சங்கத்தின் தலைவி பெர்னிஸ் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, நீ அட்டவணை போட வந்தியா, கதை கட்ட வந்தியா?”

இரண்டும்தான் என்றேன். சிரிப்பு அடங்கியபிறகுதான் உறைத்தது. மனைகளெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது தியோடோஷியாவுக்குத் தெரியும்.

3

(சட்டம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சுவாரசியமான சட்டம்தான்.)

அன்றைக்கு ஒருவன் நிலம் விற்றால் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். கணவன் செத்தால் அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதை அவள் விட்டுக்கொடுத்தால்தான் விற்பனை சுத்தம். மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாதே என்று, ஊர் மாஜிஸ்திரேட் அவளைத் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக் கேட்கவேண்டும்: கணவனுக்குப் பயப்படாமல், வற்புறுத்தல் இல்லாமல், உன் சொந்த விருப்பத்தில் கையெழுத்துப் போட்டாயா? ஆமாம் என்றால் அதைப் பத்திரத்தின் பின்னால் சான்றாக எழுதவேண்டும்.

இருநூற்றுப் பதின்மூன்று பத்திரங்களில் தியோடோஷியா ஆமாம் சொல்லியிருக்கிறாள். மாஜிஸ்திரேட் ஹோரஸ் பிக்கெட்டுக்கு அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ப்ரெண்டிஸ் வீட்டு முன்னறையிலேயே பத்திரத்தோடு சேர்த்துச் சான்றையும் எழுதி முடித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிடுவார். எனக்கு எப்படித் தெரியும்? ஒரே மை, ஒரே மூச்சு, பேனா கூர்கூட மாறவில்லை.

4

இருநூற்றுப் பதினான்காவது, டட்டனின் பத்திரம். கிழக்கே, தூரத்து வெர்மான்ட்டில் அவருக்குக் கல்வேலி போட்ட ஒரு பண்ணை, அதில் மனைவியும் ஐந்து குழந்தைகளும். அந்தப் பண்ணையைக் கொடுத்துவிட்டு போர்ட் கொரிந்தில் பன்னிரண்டு மனைகளை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். பண்ணை வந்தால் ஆல்வா கடனிலிருந்து தப்பிப்பார். இல்லையென்றால் தியோடோஷியாவின் வீடே, சமையலறையோடு சேர்ந்து, போய்விடும். இரண்டு குடும்பத்தில் ஒன்று தெருவுக்கு வரவேண்டும்.

முன்னறையில் டட்டன், தன் மனைவி கேட்டுவரச் சொன்னதையெல்லாம் ஆல்வாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்: பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கிணற்றுத் தண்ணீர் நல்லதா. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்று ஆல்வா சத்தியம் செய்தார். [சான்று கிடையாது. நான் எழுதியது. ஆனால் சொல்லியிருப்பார்.] தியோடோஷியா எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டாள். பிக்கெட் அவளோடு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“வழக்கமா கேக்கறதுதாம்மா. வீட்டுக்காரர் மிரட்டி ஒண்ணும் வாங்கலையே?”

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“என் பதில நீங்களே எழுதி, மையும் காஞ்சுபோச்சு. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

5

இப்போது அந்தக் கோடு. சான்றின் குறுக்கே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அடித்திருக்கிறது. பிக்கெட் அடித்திருப்பார் என்றுதான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டவணையிலும் அப்படியே எழுதினேன். நேற்று மதியம் பத்திரத்தை ஜன்னலோரம் வெயிலில் காட்டினேன்.

பிக்கெட்டின் மை கடையில் வாங்கிய கறுப்பு. கோடு கறுப்பில்லை, செம்பழுப்பு. வால்நட் தோலை வேகவைத்துத் தியோடோஷியா தானே காய்ச்சும் மை. தங்கைக்கு எழுதிய கடிதம் முழுக்க அந்த மைதான்.

அடித்தது அவள்!

பெர்னிஸை இழுத்துவந்து காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“சரி, அவதான் அடிச்சா. அதுக்கப்புறம்?”

அதுதான் தெரியவில்லை. பிக்கெட்டின் பையில் எப்போதும் வெற்றுப் படிவங்கள் இருக்கும். புதிதாக ஒன்று எழுதி, அதில் அவள் ஆமாம் சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் ஒன்பதாம் பெட்டியில் இருக்கும். பெட்டி என் மேசைமேல் இருக்கிறது, இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை.

6

[“முடியாது என்றாள் தியோடோஷியா. டட்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த படகிலேயே வெர்மான்ட்டுக்குத் திரும்பினார். கல்வேலிக்கு அந்தப்பக்கம் ஐந்து குழந்தைகளும்...”]

இந்த ஆறாம் பகுதியை நான்தான் முதலில் எழுதினேன், போன வாரமே. நாலாம் பகுதிக்கும் முன்னால், கோட்டின் நிறம் தெரிவதற்கும் முன்னால். எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். பிக்கெட் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. என்ன, நான் எழுதியது அவருடையதைவிட அழகான பதில். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதையும் அடித்துவிட்டேன்.

ஆகவே நான் முன்னறைக்குப் போகிறேன். அங்கே டட்டன் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆல்வா பார்க்காத மாதிரி நடிக்கிறார். இதைப் படிக்கும் நீங்கள் பிக்கெட்டின் இடத்தில் சமையலறையில் இருங்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அடுப்பில் சோளரொட்டி இருக்கிறது, அவள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், அவசரப்படுத்தாதீர்கள். புதுப் படிவம் மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் இரண்டு மைக்கூடும். அவளைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.