இரண்டு அங்குலம் உயர்ந்த வண்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை எழுதியவன் நான்தான். 1981-இல், டெல்லி மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில், என் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும் தர்மனுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். அதில் ஒரு சொல் பொய்.

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

டெல்லியின் குளிர்காலக் காலை. பனிமூட்டத்தில்—

(அடித்துவிட்டேன். பனிமூட்டம் யார் வேலையையும் பறிக்கவில்லை.)

தர்மன் ஒரு எளிய மனிதன். அவன்—

(இதையும் அடித்தேன். இங்கே இன்னொரு விஷயம். முதல் வரைவு முழுக்க மெக்கானிக் 'வந்தான்', கான்ட்ராக்டர் 'வந்தார்'. என் பேனா தானாகவே அப்படி எழுதியிருந்தது. இப்போது மாற்றிவிட்டேன். கான்ட்ராக்டருக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது.)

2

ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நகரமே தோண்டிக் கிடந்த வருடம். கான்ட்ராக்டர் பத்ரா ஏதோ தூதரகம் ஏலம் விட்ட பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் முன்னால் கனமான இரும்புச் சட்டம் அடித்து மாட்டினான். பாரம் தாங்காமல் மூக்கு தாழ்ந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில், செங்கல் குவியலில் எல்லாம் அடிவயிறு உரசியது. முன்பக்கத்தைத் தூக்கிக் கொடு என்று தர்மன் வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான்.

தர்மன் விழுப்புரத்துப் பக்கம். டெல்லிக்கு வந்து பதினோரு வருடம். இரண்டு அங்குல கனத்தில் இரண்டு அலுமினிய வளையங்களைத் தாமே லேத்தில் கடைந்தார். ஸ்பேசர் என்பார்கள். முன் சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி, அதன் தலையில் வளையத்தை வைத்துத் திரும்பப் பூட்டினால் வண்டி அந்த அளவுக்கு நிமிரும். அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் நழுவினால் ஆளின் தாடையைப் பெயர்த்துவிடும். தர்மன் நிதானமாகச் செய்தார். வண்டி நிமிர்ந்தது. பத்ரா பானெட்டைத் தட்டிச் சிரித்தான்.

"சாஹேப், வேலை முடியலை," என்றார் தர்மன் இந்தியில். ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தைக் காட்டினார். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ், துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றது. நீளமான ஹோஸ் போட வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இறங்க இது இழுபடும், ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

"அச்சா, பிறகு பார்க்கலாம்," என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் பத்ரா.

3

பத்து நாள் கழித்து, சித்தாள் வேலைக்குப் போகும் தர்மனின் மனைவி பவுனு சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த வண்டி இப்ப எம்மாம் உசரம் தெரியுமா? பொம்பளைங்க கல்லு போட்டு ஏறுறோம்."

தர்மனின் கை தட்டிலேயே நின்றது. "எந்த வண்டி?"

"பத்ராவோடதுதான். தெனம் அதுலதான கூட்டிப் போறாங்க."

(இங்கே தர்மனின் மனநிலையை அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் என்ன நினைத்தார் என்று நேரிலேயே கேட்டேன். "என்னா நெனைக்கிறது. இருவத்தாறு பொம்பளைங்க சார்," என்றார்.)

மறுநாள் போய்ப் பார்த்தார். பழைய ஹோஸ்தான், மேல் ரப்பர் வெடித்திருந்தது. பத்ராவிடம் சொன்னார். பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்றான். இரண்டாம் முறை சொன்னபோது, உன் முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன் என்றான். மூன்றாம் முறை தர்மன் எதுவும் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஸ்பேனர் பையோடு போனார். டிரைவர் வேலு, "எனக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே," என்று சொல்லி ஜாக்கியை எடுத்துக் கொடுத்தான். எல்லோரும் பார்க்க, வண்டிக்கடியில் படுத்து, ஹோஸ் இனி இழுபடாதபடி, தாம் வைத்த இரண்டு வளையங்களையும் தாமே கழற்றினார். பதினொன்றரைக்கு பத்ரா வந்தபோது மூக்கு பழையபடி தாழ்ந்திருந்தது. வளையங்கள் தர்மனின் பையில் இருந்தன.

திருட்டு என்று புகார் எழுதினான் பத்ரா.

4

இனி என் பங்கு. தர்மனைப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்திருந்தார்கள். எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். நான் எழுதினேன். அரசாங்கத்தில் பதினெட்டு வருடம் குறிப்பெழுதிய கை. யாருக்கும் வலிக்காமல் எழுதத் தெரியும். 'தவறுதலாக' கழற்றிவிட்டார் என்று எழுதி, வாசித்து, அர்த்தமும் சொன்னேன்.

தர்மன் கேட்டுக்கொண்டார். "தவறுதலான்னு இதுல எந்த எழுத்து சார்?"

காட்டினேன்.

"யாரு தவறினது?"

"இப்படி எழுதினா ஒன்னை விட்டுடுவா தர்மா. வேலையும் போகாது. புரிஞ்சுக்கோ."

என் பேனாவை வாங்கி, காகிதம் கிழியும்படி அந்தச் சொல்லை அடித்தார். "வேணும்னுதான் கழட்டுனேன்னு எழுதுங்க. அந்த ஹோஸப் பத்தியும் எழுதுங்க."

எழுதினேன். கை நடுங்கியது என்று சேர்க்கலாம். நடுங்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, அவர்மேல். என்மேல் வர வேண்டிய எரிச்சல் அது என்று புரிய வெகுநாள் ஆனது.

5

முடிவுகள்.

அ) ஹோஸ் அறுந்து வண்டி கவிழ்கிறது. பவுனு— (இல்லை. நீங்கள் அழுவதற்காக நான் யாரையும் கொல்லப்போவதில்லை.)

ஆ) பத்ரா மனம் திருந்தி— (சிரிப்பு வருகிறது.)

நடந்ததைச் சொல்கிறேன். விளக்கத்தில் ஹோஸ் என்று எழுத்தில் இருந்ததால் பத்ரா பயந்தான். புகாரைத் திரும்பப் பெற்றான். வேறு மெக்கானிக்கை வைத்து வளையங்களோடு நீள ஹோஸும் போட்டான். அரைநாள் வேலை. அவ்வளவுதான். இந்த அரைநாளைக் கொடுக்காமல்தான் இருபத்தாறு பேரை மூன்று வாரம் அள்ளிக்கொண்டு போனான். ஒர்க்‌ஷாப் முதலாளி தர்மனை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை பிக்கப் குடிசைகளுக்கு முன்னால் வந்து நின்றது. பெண்கள் ஏறிவிட்டார்கள். பவுனு கல்லில் கால் வைத்தபோது மேஸ்திரி, "நீ வேணாம். சாஹேப் சொல்லிட்டாரு," என்றான். மேலேயிருந்த கோவிந்தம்மாள், பவுனுவுக்காக நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. வேலு இஞ்சினை அணைக்கவுமில்லை, வண்டியை நகர்த்தவுமில்லை. "ஜல்தி," என்றான் மேஸ்திரி.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எல்லோரும் இறங்கினார்கள் என்று எழுதினால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இறங்கவில்லை என்று எழுதினால் கூலிக்காரப் பெண்களைக் குறை சொல்வீர்கள். இரண்டையும் உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

கோவிந்தம்மாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. அதில் உங்களை உட்கார்த்தி வைத்திருக்கிறேன். மேஸ்திரி உங்களைத்தான் பார்க்கிறான்.