மறுசலவைக்குப் போன புருஷன்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் கறை பார்க்கிறவளின் புருஷன் ஒரு செவ்வாய்க்கிழமை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நீலமாக ஒளிர்ந்தார். அந்த வாரம் வெங்காய விலையும் ஏறியிருந்ததால் தெருவில் வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஆலையில் அவளுக்குக் கறைக்கண்ணி என்று பட்டப்பெயர். வெளுத்து வந்த விரிப்புகளை ஊதா விளக்கின் கீழே விரித்துப் பார்ப்பாள். எங்கே ஒளிர்கிறதோ அங்கே கறை. கறை என்றால் மறுபடியும் தொட்டி. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. ஆகவே புருஷன் ஒளிர்ந்ததும் இதுவும் கறைதான் என்று முடிவுகட்டினாள். அவரோ பூட்டு ரிப்பேர்காரர், யார் யார் வீட்டுக் கதவையோ திறக்கிறவர். எந்த வீட்டில் என்ன ஒட்டிக்கொண்டதோ? கேட்டதற்கு, தான் டீதான் குடித்ததாகச் சொன்னார். அன்றே அவரைத் தொட்டியில் உட்காரவைத்து, வீட்டுச் சோப்புத்தூளைத் தாராளமாகப் போட்டு ஊறவைத்தாள். காய்ந்த பிறகு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தார். மறுபடி ஊறவைத்தாள், இன்னும் எரிந்தார். தோல் உரிந்ததே தவிர வெளிச்சம் குறையவில்லை. இவ்வளவு அழுத்தமான கறையா என்று அழுது தீர்த்துவிட்டு, அவரை அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த அக்கா வீட்டு முன்னறையிலேயே சோப்புத்தூள் கடை வைத்திருந்தவள். கொஞ்ச நாள் கழித்து அவளே வந்து, தம்பி தன் வீட்டில் ஒரு பொட்டுக்கூட எரியவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாள். கறைக்கண்ணி நம்பாமல் கூடவே போனாள். கடைக்குள் நுழைந்து இவள் அவரைப் பார்த்ததுமே அவர் குப்பென்று எரிந்தார். நாத்தனார் சட்டென்று இவள் கண்ணைப் பொத்தினாள். அவர் அணைந்துபோனதாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். கையை எடுத்ததும் மறுபடி எரிந்தார்.

"இது கறை இல்லம்மா," என்றாள் நாத்தனார். "என் தூள்லயும் இப்படி ஒரு மருந்து இருக்கு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த வாங்கிக்கிட்டு, தெரியுற வெளிச்சமா திருப்பிக் கொடுக்கும். நாம வெளிச்சம் காட்டுறத நிறுத்தினா அதுவும் நிறுத்திடும். இவனுக்கு விளக்கு நீதான்."

ஊதா விளக்கடியில் அத்தனை வருஷம் உட்கார்ந்த கண்ணில் அந்த வெளிச்சம் தங்கிவிட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கறைக்கண்ணிக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"திரும்ப ஊறப்போட மாட்டியே?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் செருப்பை மாட்டினார்.

இப்போது கரண்ட் போனால் அவர்கள் மாடியில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. கதவைத் திறந்துவைத்து அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டார் சாப்பிட்டு முடிப்பார்கள். என்றாவது இருட்டாகவே இருந்தால், இரண்டு பேருக்கும் சண்டை என்று புரிந்துகொண்டு, யாராவது வந்து மெல்லக் கதவைத் தட்டுவார்கள்.

"கொஞ்சம் அவரைப் பாரும்மா. பிள்ளைங்க படிக்கணும்."