கூட்டம் முடியும் வரை

காலை ஆறு மணிக்கு அடிக்கிற போனில் எவருக்கும் நல்ல சேதி வந்ததில்லை. நகரமன்றத்தின் கூட்ட எழுத்தர் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் நுரை. பதினேழாவது வார்டு உறுப்பினரின் நம்பரைப் பார்த்ததும், "இந்த மனுஷன் தூங்கவே மாட்டான் போலிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அன்றைக்குத்தான் அவருடைய வாய்க்கால் பாலம் தீர்மானமாக மன்றத்துக்கு வருகிறது. ஆறு மணிக்கே மன்ற வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று நினைப்பு.

பேசியது அவர் மனைவி.

"அண்ணா, அவரு உசுரு போயிடுச்சு."

அவளே தணிந்த குரலில் சொன்னாள். விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டது. வந்து என்ன பிரயோஜனம்? வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நின்றது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் இரண்டு பலகை. அக்கம்பக்கத்தார் நாலு பேர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். அந்தப் பலகையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அடிமேல் அடி வைத்துப் பாதி வழி போவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரரே பலகையில் நடந்து வந்து கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். திரும்ப வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள்.

"இதோ கிளம்பி வரேம்மா," என்றார் எழுத்தர். நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"வராதீங்கண்ணா. நீங்க மன்றத்துக்குப் போங்க. போய் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. விஷயம் தெரிஞ்சா கூட்டத்தை ஒத்தி வெச்சிடுவாங்கல்ல?"

"அம்மா..."

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் அழக் கூடாதுன்னு. பொண்ணுக்குக்கூட இன்னும் போன் பண்ணல. பாலம் பாஸ் ஆனதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் நான் தாங்கிக்கிறேன்."

அவள் பயந்ததில் தப்பே இல்லை. நகரமன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பதவியில் இருக்கிற உறுப்பினர் இறந்துவிட்டால் முதல் வேலையாக இரங்கல் தீர்மானம். எல்லாரும் இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பார்கள். அத்தோடு அன்றைய கூட்டம் ஒத்திவைப்பு. சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் இப்படி ஒரு வரி அதிலிருந்து விழாது. எந்தக் காலத்திலோ யாரோ செய்தார்கள், இவர்களும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். செத்தவருக்கு மரியாதையாம். பதினொரு மணிக்குள் வீட்டுக்குப் போகலாம் என்பதால் அந்த மரியாதையில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

வேறு மாதமாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அடுத்த கூட்டம் கிடையாது. நாளையோடு இந்த மன்றத்தின் காலம் முடிகிறது. அஜெண்டாவில் இன்று முடிவாகாத பொருளெல்லாம் செத்த காகிதம். புதிதாக வருகிறவர்களிடம் முதல் மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டுமே!

மூன்று தடவை ஜெயித்து வந்தவர் அவர். பதினைந்து வருஷமும் ஒரே பேச்சு, வாய்க்காலுக்கு மேலே ஒரு பாலம். தெருவிளக்கைப் பற்றி விவாதம் நடந்தால் பாலத்தில் விளக்கு எங்கே வரும் என்று கேட்பார். நாய்த்தொல்லையைப் பற்றிப் பேசினால் பலகையில் நாய் எதிரே வந்தால் ஜனங்கள் எங்கே ஒதுங்குவது என்பார். மன்றத்தில் எல்லாருக்கும் அவர் பெயர் 'வாய்க்கால்'தான். கூப்பிட்டால் அவரும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

கூட்டம் முடிந்ததும் எழுத்தரோடு வாசல் கடையில் டீ குடிப்பார். "ஏன் எழுத்தரே, அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். உங்க புத்தகத்துல ஒரே வரியா இருக்கே? மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களா?" என்று சிரிப்பார்.

ஆமாம், ஒரே வரி. 'பதினேழாவது வார்டு உறுப்பினர் வாய்க்கால் பாலம் குறித்துப் பேசினார்.' ஆரம்பத்தில் எழுத்தர் முழுசாகத்தான் எழுதினார். எத்தனை தடவை எழுதுவது? அலுத்துப்போய் இந்த வரியில் வந்து நின்றார். அதையே நூற்று நாற்பத்தொரு கூட்டங்களில் எழுதியிருக்கிறார். அன்று பஸ்ஸில் மன்றத்துக்குப் போகும்போது அந்த வரி அவரை ஈட்டியாகக் குத்தியது. அந்த மனுஷன் என்னதான் பேசினார் என்று யோசித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. கடைசிக் கூட்டம் என்பதால் எல்லாரும் வெளுத்த துணியில் வந்திருந்தார்கள். முடிந்ததும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எழுத்தர் எழுந்து வருகைப் பதிவை வாசித்தார். ஒவ்வொரு வார்டாகச் சொல்லச் சொல்ல, "உள்ளேன், உள்ளேன்" என்று பதில் வந்தது.

"பதினேழாவது வார்டு."

பதில் இல்லை. பதில் வராது என்று தெரிந்தும் எழுத்தர் ஒரு நொடி காத்திருந்தார்.

"என்னய்யா, வாய்க்காலைக் காணோம்? கடைசியில வாய்க்கால்லயே விழுந்துட்டாரா?" என்றார் இருபத்துமூன்றாவது வார்டு உறுப்பினர். மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டார், அதனால் இவருக்கு 'மைக்' என்றே பெயர். அந்தப் பாலம் தன் வார்டுக்குத்தான் வர வேண்டும் என்று பதினைந்து வருஷமாக மல்லுக்கட்டியவர். மன்றமே கொல்லென்று சிரித்தது. எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு பதினேழுக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் பேனா அன்றைக்குத்தான் பொய் எழுதியது.

எழுதின கையோடு அவருக்கு இன்னொன்று உறைத்தது. உறுப்பினர் கொண்டுவருகிற பொருளை அவரே எழுந்து முன்மொழிய வேண்டும். அவர் இல்லையென்றால் வேறொரு உறுப்பினர் முன்மொழியலாம். ஒருவரும் எழவில்லை என்றால் பொருள் தானாகத் தள்ளிப்போகும். இந்த விதியை எத்தனையோ பேருக்கு இவரே விளக்கிச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து அது ஞாபகத்துக்கே வரவில்லை, பாவி மனுஷனுக்கு!

பாலம் முப்பத்தோராவது பொருள். வாய்க்காலுக்காக எழுந்து நிற்க அந்த மன்றத்தில் யார் இருக்கிறார்கள்? அவர் பேச்சைக் கேட்டுக் காது புளித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

இருபதாவது பொருள் நடக்கும்போது சுகாதாரப் பிரிவு மேற்பார்வையாளர் உள்ளே வந்து தலைவரம்மாவின் காதில் ஏதோ சொன்னார். தலைவரம்மா எழுத்தரைச் சைகை காட்டி அழைத்தார்.

"பதினேழாவது வார்டுக்கு ஆம்புலன்ஸ் போச்சாமே? உங்க சிநேகிதருக்கு என்னாச்சு?"

"நெஞ்சு வலிம்மா. வீட்டுல படுத்திருக்காரு."

"அடடா! கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். பழம் வாங்கச் சொல்லுங்க."

"சொல்றேம்மா," என்று தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் இப்போது ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறது. இங்கே இருபத்தோராவது பொருளில் குப்பை வண்டிக்கு எந்த நிறம் அடிப்பது என்று கால் மணி நேரமாகச் சண்டை. எழுந்து போய் நாலு பேரின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல அவருக்கு ஆத்திரம் வந்தது. பச்சை என்று முடிவானது. பச்சை என்று எழுதினார்.

முப்பதாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி, கடைநிலை ஊழியரிடம் கொடுத்து மைக்குக்கு அனுப்பினார். 'ஐயா, முப்பத்தொன்றை நீங்கள் முன்மொழிய வேண்டும். காரணம் பிறகு சொல்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.'

மைக் படித்தார். புருவத்தை உயர்த்தி எழுத்தரை முறைத்தார். எழுத்தர் பார்வையை விலக்கவில்லை. அவர் முகத்தில் இருந்ததை மறைக்க அவருக்குத் தெம்பும் இல்லை.

"பொருள் முப்பத்தொன்று, வாய்க்கால் பாலம்," என்றார் தலைவரம்மா. "உறுப்பினர் வரல. தள்ளி வெச்சிடலாமா?"

"தள்ளிடலாம், தள்ளிடலாம்," என்று இரண்டு குரல்கள். கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

மைக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தள்ளி வெச்சா மட்டும் அந்த ஆளு விட்டுடுவானா? அடுத்த மன்றத்துக்கும் ஜெயிச்சு வந்து நம்ம உயிரை எடுப்பான். பதினஞ்சு வருஷம் கேட்டது போதும்யா. நான் முன்மொழியறேன். பாஸ் பண்ணித் தொலைங்க!"

சிரிப்பும் கைதட்டலுமாக நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றுமில்லை. 'ஒருமனதாக' என்று எழுதும்போது எழுத்தருக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தலைவரம்மா அடியில் கையெழுத்துப் போட்டார். மிச்சம் மூன்று பொருளும் மூன்று நிமிஷத்தில் முடிந்தன. நன்றி சொல்லி, கூட்டம் கலைந்தது.

எல்லாரும் போட்டோவுக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது எழுத்தர் வராந்தாவுக்குப் போய்ப் போன் போட்டார். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"பாஸ் ஆயிடுச்சும்மா."

"ஒருமனதாவா?"

"ஒருமனதா."

"எழுதிட்டீங்களா? நாளைக்கு யாரும் மாத்திட முடியாதுல்லண்ணா?"

"புத்தகத்துல ஏறிடுச்சும்மா. இனிமே அதை யாராலயும் மாத்த முடியாது."

"சரிண்ணா," என்றாள். போனை வைக்கவில்லை. "ஏங்க, உங்க பாலம் பாஸாயிடுச்சாம்" என்று அவரிடம் சொல்வது கேட்டது. அதற்கப்புறம் விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு கிளம்பியது. அவளைத் தொடர்ந்து பக்கத்து வீடு, எதிர் வீடு என்று தெருவே கதறியது. எழுத்தர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"யோவ், என்னமோ காரணம் சொல்றேன்னியே?" என்று பின்னாலேயே வந்தார் மைக். எழுத்தர் போனை அவர் காதில் வைத்தார். மைக்கின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போயிற்று. "வாய்க்கால்லயே விழுந்துட்டாரான்னு கேட்டேனே... ஐயோ, என் வாயில மண்ணு விழ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே போட்டோக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வருவதற்கு முன்பே, இரண்டு மணிக்கு இருவரும் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். மைக் அந்தப் பலகையில் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. பாதியில் நின்றுவிட்டார். எழுத்தர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கடத்திவிட்டார்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மன்றத்துக்குப் போட்டுப் போவதற்காக முதல் நாளே தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். எழுத்தர் அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகலை அவர் மனைவியிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாள்.

"முன்மொழிந்தவர்னு வேற யாரோ பேரு இருக்கே? இவரு பேரு எங்கண்ணா?"

"நான்தாம்மா எழுந்து சொன்னேன்," என்றார் மைக். "என் பேரை அடிச்சிட்டு அவரு பேரைப் போடுய்யா எழுத்தரே."

"போட முடியாதுங்கய்யா. போட்டா தீர்மானமே செல்லாமப் போயிடும்."

அவள் விரல் மேலே மேலே போய் முதல் பக்கத்து வருகைப் பதிவில் நின்றது. அந்த முழுக் குறிப்பிலும் அவர் இருந்த ஒரே இடம் அதுதான்.

"வரவில்லைன்னா எழுதியிருக்கீங்க?"

எழுத்தர் தலையசைத்தார்.

"பதினஞ்சு வருஷத்துல ஒரு கூட்டத்துக்குக்கூட அவரு போகாம இருந்ததில்லையேண்ணா. காய்ச்சலோட போயிருக்காரு. அவங்க அம்மா செத்த மறுநாள் போயிருக்காரு. பாலம் வர அன்னிக்கு வரலைன்னு இருக்கே." காகிதத்தை அவரிடமே நீட்டினாள். "இந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடுங்கண்ணா."

"முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு எழுத்தர் வாய்விட்டு அழுதார்.