பேப்பர் பார்ட்டி

மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டைப் பச்சைமுத்து வலது கையால் பிடித்து, ஒரு மடிப்பு மடித்து, திருப்பிப் போட்டு இன்னொரு மடிப்பும் மடித்து முடித்ததும் ஸ்ரீவித்யா சிஸ்டர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். வெளியே கதவின் கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற யசோதாவுக்கு எத்தனை நொடி என்று தெரியவில்லை. சிஸ்டரின் புருவம் ஏறியது மட்டும் தெரிந்தது, அது போதும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே அறையில் இதே மனுஷர் அந்தத் துண்டின் ஓரத்தைத் தொடுவதற்கே இரண்டு நிமிஷம் போராடிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டவர். இப்போது பென்சிலை எடுத்தார். பேப்பர் கிளிப்பை எடுத்தார். பூட்டில் சாவியைத் திருகும்போது கொஞ்சம் ஜம்பம்கூடக் காட்டினார், வேண்டுமென்றே இரண்டு தரம் திருகினார். என் ராசா, என் ராசா என்று புருஷனை வாய்க்குள்ளேயே கொஞ்சிக்கொண்டாள் யசோதா.

கண் நிறைந்தது. கூடவே பயமும் வந்தது. ஏனென்றால் அந்தக் கையில் அவளுடைய திருட்டு வேலை ஒன்று இருந்தது. இன்று அதைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள்.

பச்சைமுத்து பெங்களூர் கோரமங்கலாவில், நின்றபடியே சாப்பிட்டுப் போகிற ஒரு தர்ஷினி ஓட்டலில் பத்தொன்பது வருஷம் தோசை மாஸ்டர். ஒரு நாள் காலை கல்லில் மாவை ஊற்றியவர் அதைச் சுற்ற முடியாமல் கரண்டியோடு அப்படியே நின்றார். ஈஜிபுராவில் அவர்கள் குடியிருக்கும் சந்தில் தமிழர், கன்னடர், உருது பேசுகிறவர் எல்லாரும் அந்தப் பக்கவாதத்துக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: லக்வா. இழுத்துக்கொண்ட வாய் நேராகிவிட்டது. கால் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. ஓட்டல்காரர் நல்ல மனுஷர், டோக்கன் வாங்கிப் போடும் இடத்தில் உட்கார வைத்தார். நாள் பூரா வேறொருவன் தோசை சுடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சோறு இடது கையில் ஸ்பூனால். "இந்தக் கையால தின்ன வெச்சிட்டான் பாரு" என்று ஒவ்வொரு வேளையும் சாமியைத் திட்டிவிட்டுத்தான் முதல் வாய் போகும்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஷோபா மேடம் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட், முப்பது வயதுக்குள் இருக்கும், நிதானமாகப் பேசுகிற பெண். நல்லா இருக்கிற கையை ஒரு தடித்த கையுறைக்குள் போட்டுத் தினம் ஐந்து மணி நேரம் பூட்டி வைத்துவிட்டால், வராத கைக்கு வேறு வழியில்லாமல் வேலை வந்து சேருமாம். ஆறு வாரம் அப்படிச் செய்ய வேண்டும். வீட்டு ஆட்களை வைத்தே இதைச் செய்தால் பலன் உண்டா என்று பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையுறை, மீதிப் பேருக்குப் படம் போட்ட உடற்பயிற்சித் தாள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது ஒட்டின கவருக்குள் இருக்கும், மேடமே மாற்ற முடியாது. மூன்றாம் மாதம் பரிட்சை. பரிட்சை வைக்கிற சிஸ்டருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் அவருக்கே தெரியாமல் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பரிட்சை முடிந்ததும் தாள்காரர்களுக்கும் கையுறை உண்டு. எல்லாம் தமிழில் சொல்லி, படித்துக் காட்டி, பச்சைமுத்துவிடம் இடது கையாலேயே ஒரு கோணல் கையெழுத்து வாங்கினார்கள். கவரைப் பிரித்தால் தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் எல்லாரும் ஒரே ஹாலில்தான் காத்திருப்பார்கள். க்ளவுஸ் பார்ட்டி, பேப்பர் பார்ட்டி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்வதைப் பற்றி ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ள வேண்டாம் என்று மேடம் சொல்லித்தான் இருந்தார். இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பேசாதே என்றால் யார் கேட்பார்கள்?

யசோதாவுக்கு பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலை, காலர் வைப்பாள். இரண்டாவது வாரமே பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகேஷ் என்கிற ஆட்டோக்காரரின் கையுறையை ஓரக்கண்ணால் பிரித்துப் போட்டுவிட்டாள். மேலே கீழே இரண்டு துண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று, உள்ளே பஞ்சுத் தையல், மணிக்கட்டில் வெல்க்ரோ. இதுக்கா கம்ப்யூட்டர் கவர் எல்லாம் என்று தோன்றியது. மறுநாள் வீணாய்ப் போன ஜீன்ஸ் துணியைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் தைத்து முடித்தாள்.

அப்புறம் நடந்தது சண்டை. தினம் ஐந்து மணி நேரச் சண்டை. "பேடவே பேடா, வேணவே வேணாம், கழட்டுடி இத!" என்று பச்சைமுத்து கத்துவார். வலது கையால் பிசைந்த ரசம் சாதம் பாதி மடியில், பாதி தரையில். ஒரு நாள் தட்டையே தள்ளிவிட்டார், இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. யசோதா அழுதாள், அழுதுகொண்டே தரையைத் துடைத்தாள், துடைத்துவிட்டு மறுபடி வெல்க்ரோவை இழுத்து ஒட்டினாள். பிறகு ஒரு யோசனை வந்தது. கல்லை அடுப்பில் வைக்காமல் தரையில் வைத்தாள், ஒரு சொம்பில் தண்ணீர், கையில் கரண்டி. தண்ணீரை ஊற்றித் தோசை சுற்றச் சொன்னாள். அதற்கு அவர் மறுப்பே சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் தண்ணீர் வட்டமாக வந்தது.

அவள் அதோடு நின்றிருக்கலாம். ஹாலில் தமயந்தி என்று ஒருத்தி வருவாள். வீட்டு வேலை செய்கிறவள், நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் லக்வா, அவளுக்கும் வலது கைதான். கவரில் வந்தது தாள். பச்சைமுத்து டீ கிளாஸைத் தூக்கிய அழகைப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்களும் பேப்பர் பார்ட்டிதானே? அண்ணன் கை எப்பிடிக்கா இப்பிடி?" என்று காதோடு கேட்டாள். கேட்டவுடன் யசோதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த செவ்வாய் ஒரு கையுறையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொடுத்தாள். இன்னும் மூன்று பேர் கேட்டார்கள், எல்லாரும் பேப்பர் பார்ட்டி. அவர்களுக்கும் தைத்தாள்.

போன வாரம்தான் இடி விழுந்தது. முடிவு எப்போது வரும் என்று நாகேஷ் கேட்டதற்கு ஷோபா மேடம் ஹாலில் வைத்தே பதில் சொன்னார். "எல்லாருக்கும் டெஸ்ட் முடிஞ்சதும் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாப்போம். க்ளவுஸ் போட்டவங்களும் போடாதவங்களும் ஒரே மாதிரி இருந்தா க்ளவுஸ் வேஸ்ட்டுனு எழுதிடுவோம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அதைக் குடுக்காது." யசோதா நாலு பெஞ்சையும் பார்த்தாள். புருஷனோடு சேர்த்து ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் தாள் கணக்கிலேயே கை வர வைத்து, கையுறை வேண்டாம் என்று சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள். அந்த வாரம் முழுக்கக் காலர் கோணலாகவே வந்தது, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

கதவு திறந்தது. பச்சைமுத்து முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். பின்னாலேயே சிஸ்டர். யசோதா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வூட்டுக்காரரு வந்து, வூட்ல நாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ, சொல்லாதீங்க!" ஸ்ரீவித்யா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "வீட்ல என்ன பண்ணீங்கனு எனக்குத் தெரியவே கூடாதும்மா. எதுவா இருந்தாலும் ஷோபாகிட்ட போங்க." காதைப் பொத்தாத குறையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சேர்த்து வைத்த தைரியத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

"இன்னாடி சொல்லப் போன?" என்றார் பச்சைமுத்து. அவர் முகத்தில் பல் மறைந்துவிட்டது. "நல்லா வந்துது கை. வாய மூடிக்கினு வூட்டுக்கு வா."

"நீங்க வாங்க கூட" என்று அவள் நடந்தாள்.

ஷோபா மேடம் அவர்களைப் பார்த்ததும் எழுந்து, அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கையுறை ஒன்றை எடுத்துப் பச்சைமுத்துவிடம் நீட்டினார். "சொன்ன மாதிரியே, இனிமே உங்களுக்கும் க்ளவுஸ். எப்படிப் போடணும்னு காட்டறேன், உக்காருங்க."

பச்சைமுத்து அதை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். யசோதா சொல்லிவிட்டாள். ஜீன்ஸ் துணி, வெல்க்ரோ, ஐந்து மணி நேரம், தண்ணீர் தோசை எல்லாம். திட்டட்டும் என்று காத்திருந்தாள். மேடம் திட்டவில்லை. டிராயரைத் திறந்து ஒரு ஃபாரம் எடுத்தார். இதற்கும் ஒரு ஃபாரம் இருந்தது.

"எந்தத் தேதியிலேர்ந்து?"

தேதி யசோதாவுக்குத் தெரியும். சொன்னாள், மேடம் எழுதிக்கொண்டார்.

"இப்ப இவரு கைய அந்தப் பக்கம் மாத்தி எழுதிக்கலாம்ல மேடம்? க்ளவுஸ் பக்கம்?"

"முடியாதும்மா. கவர்ல எது வந்துதோ அதுலதான் கடைசி வரைக்கும் எண்ணுவோம். பேப்பர் பக்கம்தான். கூட ஒரு நோட் எழுதுவேன், அவ்ளோதான்."

"க்ளவுஸ்னாலதானே கை வந்துது?"

"அது எனக்குத் தெரியாது." மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நெஜமா தெரியாது. தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் அன்னிக்கே குடுத்திருப்பேனே? சில பேருக்கு மூணு மாசத்துல தானாவே வருது. இவருக்கும் அப்படி வந்திருக்கலாம்."

"தானாவா?" பச்சைமுத்துதான் கேட்டார். "இன்னா மேடம் சொல்றீங்க? தட்ட தூக்கிப் போட்டு, இவள அழ வெச்சு, முட்டி போட்டு உக்காந்து தண்ணிய ஊத்தி ஊத்தி... தானாவா வந்துது?"

யசோதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தானாவாம்! இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், ரசம் சாதத்தைத் துடைத்தாளா? கோபம் வந்த வேகத்திலேயே கீழே ஒரு பயமும் இருந்தது. கார்மென்ட்ஸில் பதினேழாவது லைனில் தைக்கும் ஒருத்தியின் அண்ணனுக்கு ஒன்றுமே செய்யாமல் கை வந்தது என்று கேட்டிருக்கிறாள். யாரிடம் போய்க் கேட்பது, என் உழைப்பா இல்லையா என்று? இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆட்கள் இத்தனை பேரைப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் அவள் கெடுத்து வைத்திருக்கிறாள்.

"வேற யாருக்காவது தெச்சுக் குடுத்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

பச்சைமுத்து அவள் காலை மிதித்தார்.

"நாலு பேருக்கு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ரொம்ப நேரம் தேய்த்தார். "பேரு இப்ப வேணாம். நான் கேட்டா பயந்துடுவாங்க, வர்றதையே நிறுத்திடுவாங்க. நீங்களே சொல்லுங்க, அவங்களே வந்து என்கிட்ட சொல்லட்டும். கழட்டுங்கனு கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்ல. ஆனா டெஸ்ட் வரைக்கும் க்ளவுஸ் இல்லாம இருக்க முடியுமானு கேட்டுப் பாருங்க. டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே குடுக்கறேன்."

"தமயந்திக்கு இன்னும் ஏழு வாரம் கீதே மேடம்" என்று வாய் தவறிப் பெயரைச் சொல்லிவிட்டு யசோதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேடம் எதுவும் எழுதவில்லை.

ஹாலில் தமயந்தி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அவர்களைப் பார்த்ததுமே நகர்ந்து இடம் விட்டாள். பச்சைமுத்து உட்காரவில்லை, டீ வாங்குகிறேன் என்று நழுவிவிட்டார். யசோதா உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே தமயந்தி போனை எடுத்து நீட்டினாள்.

"யக்கா, மொதல்ல இத பாரேன். இன்னிக்குக் காலையில."

பின்னாலிருந்து எடுத்த படம். ஸ்கூல் யூனிபார்மில் ஒரு பெண் குழந்தை, ஒன்பது பத்து வயசிருக்கும், திரும்பி நிற்கிறது. தமயந்தியின் மகள் ரக்ஷா. முதுகில் ஒரே ஜடை. மேலே தளர்ந்து, நடுவில் கோணி, கீழே ரிப்பன் பாதி அவிழ்ந்து. ஒரு கொத்து முடி பின்னலில் சேராமல் தனியாகத் தொங்கியது.

"நாலு மாசமா பக்கத்து வூட்லதான் பின்னிக்கினு போச்சு" என்றாள் தமயந்தி. "இன்னிக்கு நான் பின்னுனேன். முக்கா மணி நேரம்! அசையாம நின்னுச்சுக்கா, ஸ்கூலுக்கு லேட்டாவுதுனு ஒரு வார்த்த சொல்லல. ஜடைய முன்னாடி எடுத்துப் போட்டு போட்டுப் பாத்துக்கினே போச்சு."

யசோதா படத்தையே பார்த்தாள். ஏழு வாரம் என்பது எத்தனை ஜடை என்று மனசு தானாகக் கூட்டிப் பார்த்தது.

"நீ இன்னாவோ சொல்ல வந்தியே. சொல்லுக்கா."

யசோதா வாயைத் திறந்தாள். அதற்குள் திரை இருண்டுவிட்டது. "இரு, இரு" என்று தமயந்தி வலது கைக் கட்டைவிரலை மெதுவாகக் கொண்டுவந்து அழுத்தினாள். விரல் வழுக்கிப் போனது. இன்னொரு தரம் அழுத்தினாள். ஜடை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.