அறுபத்திரண்டைக் கழி

தங்கை வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதற்காக வாங்கிய பெட்டி, எங்கள் வீட்டு பீரோவைவிட நல்ல நிலையில் இருந்தது. அதைக் கூடத்தின் நடுவில் திறந்து போட்டிருந்தார்கள். பகலில் அந்தக் கூடம்தான் என் படுக்கையறை. நான் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவன். லாரியிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவன். காரணம் சொன்னால் சுவாரசியமாக இருக்காது. அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்தபோது என் வயிற்றின்மேல் நான்கு கம்பளிச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"எடுடி இதை."

"அசையாதே, ஆந்தை அண்ணா. மடிப்பு கலைஞ்சிடும். வேற இடமே இல்ல."

இடம் இல்லாததற்குக் காரணம் அம்மா. காலி இடத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. குக்கருக்குள் சோப்பு, சோப்புகளுக்கு நடுவே நூல்கண்டு, ஷூவுக்குள் தலைவலி மாத்திரை என்று திணித்திருந்தாள்.

"குக்கர் எதுக்கும்மா? நான் படிக்கப் போறேன், பந்தி போடப் போகல."

"பசிச்சா புத்தகத்தையா திம்பே?"

"சோப்பு அங்கேயும் விப்பாங்க."

"விப்பான். அவன் கேக்கற விலைக்கு நீ குளிக்காமலே இருந்துடுவே. எனக்கு உன்னைத் தெரியாதா?"

பெட்டி இருபத்துமூன்று கிலோவைத் தாண்டக்கூடாது என்று விமானக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தது குளியலறைத் தராசு. பெட்டியை நேராக அதன்மேல் வைத்தால் முள் தெரியும் கண்ணாடி மூடிக்கொள்ளும். ஆகவே ஓர் ஆள் பெட்டியோடு ஏறி நின்று, வரும் எடையிலிருந்து ஆளின் எடையைக் கழிக்க வேண்டும். நான் ஏறினால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொள்ளும். தங்கை புத்தகப்பை தூக்கினாலே கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவள்.

"என் தலையில வைடா" என்றாள் அம்மா. "நான் அறுபத்திரண்டு. கழிச்சுக்கோங்க."

அம்மாவின் அறுபத்திரண்டு எங்கள் வீட்டுக் கதவு எண் மாதிரி. யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். இருபது கிலோவும் முப்பது கிலோவும் எனக்கு ஒன்றுதான். தூக்குவதற்குத்தான் சம்பளம், எடை சொல்வதற்கு இல்லை. தங்கை குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"எண்பத்துநாலு. அப்போ பெட்டி இருபத்திரண்டு!"

அம்மா உடனே ஒரு துண்டைக் கொண்டுவந்து மீதி ஒரு கிலோவையும் நிரப்பப் பார்த்தாள்.

தங்கைக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தாக வேண்டும். கீழே பழைய பேப்பர்காரரின் கடை. அவருடைய கொக்கித் தராசை வாங்கிவரச் சொன்னாள். தராசைக் கொடுத்தால் திரும்பி வராது என்று பேப்பர்காரரே மாடிக்கு வந்துவிட்டார். கொக்கியைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

"முப்பது" என்றார்.

"உங்க தராசு சரியில்ல மாமா" என்றாள் தங்கை.

"சரியில்லதான். யாரு இல்லன்னா? ஆனா பாப்பா, இது குறைச்சுக் காட்டுதுன்னுதான் இந்தத் தெருவே என்னைத் திட்டுது. கூடக் காட்டுதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான். கொஞ்சம் வெளியில வந்து நாலு பேர் காதுல விழறமாதிரி சொல்லேன்."

தராசைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்கு வரவில்லை. அவள் குளியலறைத் தராசில் தனியாக ஏறினாள். ஐம்பது. "என் தலையில வை" என்றாள். வைத்தேன், விழுந்தால் பிடிக்கக் கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அவள் கழுத்து உள்ளே போயிற்று. முள்ளை நான் பார்த்தேன். எண்பதுக்குப் பக்கத்தில் ஆடியது.

இரண்டு தராசும் ஒன்றையே சொல்லின. பெட்டி முப்பது. அப்படியானால் தப்பு கழித்த இடத்தில் இருந்தது.

அம்மா எப்போது அடுக்களைக்குப் போனாள் என்று தெரியவில்லை. குழாய் திறந்திருந்தது.

"அம்மா, இங்க வா. தனியா ஏறு" என்றாள் தங்கை.

"அடுப்புல பால் இருக்கு."

"அடுப்பே எரியல. வந்து ஏறு."

வந்தாள். செருப்பில்லாத காலை மெதுவாக, தண்ணீரில் வைக்கிறமாதிரி வைத்தாள். ஐம்பத்துநாலு. நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரவிக்கையின் இரண்டு பக்கமும் புதிதாக உள்ளே பிடித்துத் தைத்த தையல் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"வயசானா வத்தத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

"எட்டு கிலோவா?" என்றேன்.

"உனக்குத் தெரியும்" என்றாள் தங்கை. "தெரிஞ்சுதான் எங்களை முந்திக்கிட்டு அறுபத்திரண்டுன்னு சொன்ன."

அம்மா இறங்கித் தராசைக் காலால் சுவரோரம் தள்ளினாள். பிறகு ஒன்றொன்றாக வந்தது. தாகம் அடங்குவதில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறாள். ராத்திரியில் நான் கிடங்கில் இருக்கிறேன். தங்கை தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது. நோயை நல்ல இடத்தில்தான் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இவ விமானம் ஏறட்டும், அப்புறம் டாக்டரைப் பாத்துக்கலாம்னு இருந்தேன். இப்ப என்ன, ஊரைக் கூட்டணுமா?"

தங்கை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளிச் சட்டைகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். எடையைக் குறைக்கிறாள் என்று நினைத்தேன். சட்டைகள் முடிந்து புத்தகங்களும் வெளியே வந்தபோதுதான் புரிந்தது.

"நான் போகல."

"இந்த வருஷம் விட்டா இடம் போயிடும்" என்றேன். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் அது தெளிவாக இருந்தது.

"போகட்டும்."

"இருந்து என்ன பண்ணப் போற? தினமும் தராசுல ஏத்தி இறக்குவியா?"

"நான் போனா அம்மாவை யாரு பாத்துப்பா? நீயா? பகல்ல நீ பொணம் மாதிரி தூங்கற."

"பொணம் எழுந்திருக்காது. நான் எழுந்திருப்பேன்."

"என்னை வெச்சு ரெண்டு பேரும் ஏலம் போடாதீங்க" என்றாள் அம்மா. "அவ போகலன்னா நான் டாக்டர் பக்கமே போக மாட்டேன். அவ்வளவுதான்."

"நீ போகலன்னா நான் விமானம் பக்கமே போக மாட்டேன்" என்றாள் தங்கை.

ஒரே வார்ப்பு. இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான் செருப்பை மாட்டி, அம்மாவின் செருப்பையும் எடுத்து வாசலில் போட்டேன். டாக்டர் தெருமுனையில்தான் இருந்தார்.

அவர் நாக்கைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சில கேள்விகள் கேட்டார். "சர்க்கரையா இருக்கலாம். வேற எதுவும் இருக்கான்னு ரத்தத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும். வெறும் வயித்துல காலையில ஆய்வுக்கூடத்துக்குப் போங்க" என்றார். மறுநாள் ஆய்வுக்கூடம் விடுமுறை. அதற்கு மறுநாள் காலைதான் தங்கைக்கு விமானம்.

தங்கை வாசற்படியில் நின்று யோசித்தாள். எல்லோரும் விமான நிலையம் போவதாக ஏற்பாடு. சித்தப்பா வேன் சொல்லியிருந்தார். அத்தை அழுவதற்குக் கைக்குட்டையே தனியாக வாங்கியிருந்தாள்.

"நான் ஏறுறதுக்கு முன்னாடி அம்மா கையில ஊசி போட்டிருக்கணும். அப்போ போறேன்."

"அப்போ உன்னை யாரு வழியனுப்புவா?" என்றாள் அம்மா.

"டாக்சிக்காரர்."

காரணம் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சித்தப்பாவிடம் வேன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர் என்னைத் தறுதலை என்றார். புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. குக்கர் வீட்டிலேயே தங்கிற்று. சோப்பில் பாதியும் தங்கிற்று. கம்பளிச் சட்டைகளும் வேண்டிய புத்தகங்களும் மட்டும் திரும்ப உள்ளே போயின; பெட்டி இருபத்துமூன்றுக்குள் வந்தது.

விமானத்தன்று காலை வேலை முடிந்து நான் வந்தபோது இரண்டு வண்டிகள் வாசலில் நின்றன, ஒரு டாக்சி, ஓர் ஆட்டோ. தங்கை பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போய் டாக்சிக்காரரிடம் கொடுத்தாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். பசியில் இருந்ததாலோ என்னவோ அழவில்லை.

"மாத்திரை ஷூவுக்குள்ள இருக்கு. மறந்து காலை விட்டுடாதே."

"நீ டீ குடிச்சுடாதே. வெறும் வயிறு."

"எனக்குத் தெரியும், போடி."

டாக்சி வலப்பக்கம் திரும்பியது, ஆட்டோ இடப்பக்கம்.

ஆய்வுக்கூடத்தில் ஊசி ஏறியதும் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். 'ஏறிட்டேன்' என்று மட்டும் பதில் வந்தது. அம்மாவுக்குச் சாப்பிட வாங்கிக் கொடுத்தேன். முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அம்மா உலுக்கி எழுப்பினாள். அவள் தோளில் சாய்ந்திருக்கிறேன்; எலும்பு குத்திக் கன்னம் வலித்தது.

முடிவை வாங்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனோம். சர்க்கரைதான். நிறைய இருந்தது. வேறு எதுவும் இல்லை என்று டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார். மாத்திரை, நடை, அடுத்த மாதம் மறுபடி ரத்தம்.

வெளியே வந்து தங்கைக்குத் தட்டச்சு செய்தேன். அவள் இன்னும் மேலேதான் இருந்தாள். இறங்கியதும் பார்த்துக்கொள்வாள்.

"என்னடா எழுதின?"

"சர்க்கரை, மாத்திரை கொடுத்திருக்காங்கன்னு."

"அவ்வளவுதானா? நான் நல்லா இருக்கேன்னு போடலியா?"

"அது இன்னும் தெரியலையே."

அம்மா மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி" என்றாள். "தெரிஞ்சப்புறம் போடு."