சுனைக்கு மேலே நெல்லிச் சரிவு

நூல் மில்லில் வேலை நின்ற மறுவாரம், பொம்மையனும் சிவனம்மாளும் திண்டுக்கல் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுக் கன்னிவாடிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கிருந்து மலையேறினால் அவர்கள் ஊர். மகளின் படிப்புக்காகக் கீழே இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவள் இப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். மில் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை காட்டில் நெல்லிக்காய் பறித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பொம்மையன் நம்பியிருந்தான்.

தோட்டத்துக் கூலி கிடைக்காத மாதங்களில் நெல்லியும் கடுக்காயும்தான் அந்த ஊரில் அடுப்பெரிய வைப்பவை. எந்தச் சரிவில் எந்த வீடு பறிப்பது என்று வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு. சுனைக்கு மேலே இருந்த சரிவு பொம்மையன் வீட்டுடையது. அவன் போன பிறகு, கணவனை இழந்த அறிவுச்செல்வி அங்கே பறித்துவந்தாள். அவனுக்குத் தங்கை முறை. ஊரில் விசாரித்தபோது, உன் பங்கை நீ எடுத்துக்கொள், யாரும் குறுக்கே வரமாட்டோம் என்றார்கள்.

விடிந்ததும் இருவரும் சாக்கோடு போனார்கள். அறிவுச்செல்வி துரட்டியால் ஒரு கிளையை வளைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் கிளையை விட்டுவிட்டு, மடியிலிருந்த காய்களை அவன் சாக்கில் கொட்டினாள்.

"உங்க மரம்ண்ணே. நீங்க வந்தா விட்டுரணும்னு தெரிஞ்சுதான் பறிச்சேன்."

"நீ என்ன செய்வ?"

"கீழ செம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கப் போகணும். பிள்ளைகள எங்க விட்டுட்டுப் போறதுன்னுதான் தெரியல."

மில் கேட்டைச் சாத்திய அன்று தானும் இப்படித்தான் வெளியே நின்றது பொம்மையனுக்கு நினைவு வந்தது. சிவனம்மாள் மரங்களைச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மரத்தச் சுத்தி மண்டுற உண்ணிச்செடி அம்புட்டையும் வெட்டி எறிஞ்சிருக்கா. தீ ஏறாம சருகையும் கூட்டி ஒதுக்கியிருக்கா. நாம இருந்தப்ப இம்புட்டுப் பாத்தமா?"

அவர்கள் பார்த்ததில்லை. அது அவனுக்கே தெரியும்.

அன்று மூன்று பேரும் சேர்ந்து பறித்தார்கள். மலைக்கு வரும் வியாபாரிக்குக் கொடுக்காமல், பொம்மையன் மூட்டைகளைத் திண்டுக்கல்லுக்கே கொண்டுபோனான். அவர்கள் தெருவில் ஊறுகாய் போட்டு விற்கும் ஐரின், தரமான காய் என்று உடனே எடுத்துக்கொண்டாள். இன்னும் கொண்டுவரச் சொன்னாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே பறித்து, கிடைத்த பணத்தை இரண்டு வீடும் பங்கிட்டுக்கொண்டன.

காய் ஓயும் முன்பே மில்லிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் பொம்மையன் ஊர்ப் பெரியவர்களிடம் போய், சுனைக்கு மேல் சரிவு இனி அறிவுச்செல்விக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இறங்கும்போது சிவனம்மாள் கேட்டாள். "மில்லு மறுபடியும் நின்னு போச்சுன்னா?"

பொம்மையன் காலிச் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்ப அவகிட்டக் கேட்டுட்டுப் பறிப்போம்," என்றான்.